கெங்கம்மாளின் ஒத்தை மாரும் சைகோன் ஊசியும்

பனித்திட்டில் கெங்கம்மாள் "மீனே...ய்" என்று ஒரு குரல் கொடுத்தால் கிருமாம்பாக்கத்தில் புளி கரைக்க ஆரம்பிப்பார்கள். நடுவே வயல், சவுக்குத் தோப்பு, மறுபடி வயல் என்று நடக்கிறவனுக்குக் கால் கழன்றுவிடும் தூரம். அவள் தொண்டைக்கு அது அடுத்த வீடு. தலையில் கூடை, இடுப்பில் சுருக்குப் பை, வாயில் வெற்றிலை, வெற்றிலைக்குப் பின்னால் எந்நேரமும் தயாராக ஒரு வசவு. அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இந்தக் கொம்யூனில் உள்ள எந்த ஊரிலும் கிடையாது. ஒருத்தன் ஜெயித்ததாகச் சொல்வார்கள். அவன் செவிடன்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது மீன் இல்லை, சாவு. ஒரு வீட்டில் உயிர் போனால் பெண்கள் வட்டமாக நின்று மாரடித்து அழுவார்கள் இல்லையா, அந்த வட்டத்துக்கு முன்னே நின்று பாட்டெடுப்பது கெங்கம்மாள்தான். நரம்பையில் சாவா, மூர்த்திக்குப்பத்தில் சாவா, ஆள் வந்துவிடும். அவள் பாட ஆரம்பித்தால் செத்தவனைப் பிடிக்காதவனும் அழுவான், கடன் கொடுத்தவனும் அழுவான். இரண்டு கையாலும் மாரில் ஓங்கி அடிப்பாள் பாருங்கள், படகு கரையில் மோதினதுபோல் இருக்கும்.

அவள் மாமனார் கலியன் மூன்று வருஷமாகச் சாகப் போகிறார். வயசு எண்பதா, நூறா, அது அவருக்கும் தெரியாது, எமனுக்கும் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினம் காலையில் மருமகளைக் கூப்பிடுவார்.

"கெங்கா, நான் செத்தா இன்னாடி பாட்டு பாடுவ?"

"நீ செத்துக் காட்டு மாமா, அப்பறம் பாடறேன்."

"அதெல்லாம் முடியாது. இப்பவே ரெண்டு வரி பாடு. சரியில்லன்னா மாத்திக்கலாம்."

"நல்லாத் தின்னுட்டுப் படுத்துங்கெடக்கிற மனுசனுக்கு எப்படி மாமா அழுக வரும்?"

"அது சரி. ஆனா ஒண்ணு. நீதான் முன்னால நிக்கணும். அடிக்கிற அடி பாண்டிச்சேரி வரிக்கும் கேக்கணும். அந்தத் தையலம்மா முன்னால வந்து நின்னா, நான் பாடையிலேர்ந்து எறங்கி வூட்டுக்கு வந்துருவேன், சொல்லிட்டேன்."

"கடலம்மா மேல ஆண மாமா. நாந்தான் நிப்பேன்."

தையலம்மாள் நாலு வீடு தள்ளி இருப்பவள். ஊரில் இரண்டாவது ஒப்பாரிக்காரி. குரல் துருப்பிடித்த கிணற்று ராட்டினம். பொறாமை மட்டும் புதுசாக எண்ணெய் போட்டது.

இந்த நிலைமையில்தான் ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் கெங்கம்மாளின் இடது மாரில் ஒரு கட்டி வந்தது. முதலில் காராமணி அளவு. வலிக்கவில்லை. வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? பல் வலித்தால் பாகூர் முழுக்க ஓடுகிற ஜனம், வலிக்காத கட்டியோடு பொங்கலும் கொண்டாடும். அவள் புருஷன் சம்மந்தம் ஒரு வைத்தியனைக் கூட்டி வந்தான். சம்மந்தம் ரொம்ப நல்லவன். அது ஒன்றுதான் அவனிடம் உள்ள குறை. யார் எதைச் சொன்னாலும் நம்புவான். வைத்தியன் பச்சிலையை அரைத்து மாட்டுக்குப் பூசுகிற மாதிரி பத்துப் போட்டான். பத்து காய்ந்தது, உதிர்ந்தது. கட்டி எலுமிச்சங்காய் ஆனது.

ஒருநாள் குளிக்கும்போது கட்டிக்கு மேலே தோலில் ஒரு குழி விழுந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே யாரோ நூல் போட்டு இழுக்கிற மாதிரி.

"மீனு வயித்துல இப்படிக் குழி உழுந்தா நான் வாங்குவனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பாண்டிச்சேரிப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்தார். அக்குளில் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாசேரிடம் பிரெஞ்சில் பேசினார். மாசேர் என்றால் அங்கே நர்ஸ் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரி. காரைக்கால் பொம்பளை, குள்ளம், நாக்கு மட்டும் கெங்கம்மாள் உயரம். அவள்தான் திரும்பிச் சொன்னாள்.

"மாரை மொத்தமா எடுக்கணும்மா. இல்லன்னா உயிருக்கு ஆபத்து."

கெங்கம்மாளுக்கு உள்ளே கடல் ஒரு தரம் பின்வாங்கிப் போய்த் திரும்ப வந்தது. ஆனால் வாய் வாய்தான்.

"எங்கேர்ந்து எங்க வரிக்கும் அறுப்பாரு? வரஞ்சு காட்டச் சொல்லு. நான் மீன் அறுக்கறவ மாசேர். அறுக்கறதுக்கு முன்னால தலை எனக்கு, வாலு ஒனக்குன்னு பேசிட்டுத்தான் அறுப்பேன். எங்கிட்டயே பேசாம அறுக்கறதா?"

டாக்டர் முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார். பேனாவை எடுத்து அவள் மேலேயே கோடு போட்டார். நெஞ்சு நடுவில் தொடங்கி அக்குள் வரை. அக்குளில் இருக்கிற கழலைகளும் போகும். கீழே உள்ள சதையும் போகும். தழும்பு ஒரு சாண். கொஞ்ச நாள் கை தூக்க வராது. அந்த இடம் மரத்துப் போகும், கிள்ளினாலும் தெரியாது. பிற்பாடு கை வீங்கலாம். எல்லாவற்றையும் மாசேர் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினாள். பத்து விரலும் போதவில்லை.

"சரி, அறு" என்றாள்.

அறுத்தார்கள். முழித்துப் பார்த்தபோது இடது பக்கம் துணிச் சுருள்தான் இருந்தது. அழுதாள். அடுத்தவர் சாவுக்கு ஏழு ஊர் கேட்க அழுகிறவள், தனக்கென்று அழும்போது பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூடக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் மாசேர் வந்து சுவர் ஓரம் நிறுத்தினாள்.

"விரலை சுவத்துல வச்சு நண்டு மாதிரி ஏத்து. எங்க நிக்குதோ அங்க கரிக்கோடு போடு. தினமும் கோடு மேல போகணும். விட்டா, இந்தக் கை ஆயுசுக்கும் மடிஞ்சே கிடக்கும். கூடையெல்லாம் மறந்துடு."

"கூடைய மறந்தாலும் மறப்பேன் மாசேர். எங்க மாமனாருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"என்ன வாக்கு?"

சொன்னாள். மாசேர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அந்த இடத்துல அடிக்கவே கூடாது, தெரியுதா? மரத்துப்போன இடம். அடிபட்டாலும் தெரியாது. கையில முள்ளு குத்தினாகூட ஓடி வரணும்."

ஊர் திரும்பினாள். இனிமேல்தான் வேடிக்கை. அதுவரை கெங்கம்மாள் வயசில் யாரும் ரவிக்கை போட்டதில்லை. சேலையைச் சுற்றி இழுத்துச் செருகினால் முடிந்தது. இப்போது தழும்பை மறைக்க ரவிக்கை தைத்துப் போட்டாள். அவ்வளவுதான், கட்டி, கத்தி, ஆஸ்பத்திரி எல்லாம் ஊருக்கு மறந்து போனது. "கெங்கா ரவிக்க போட்டுகினு திரியறா" என்பதுதான் பேச்சு. பிரெஞ்சுக் கொடி இறங்கினபோதுகூடக் குப்பத்தில் இவ்வளவு கூட்டம் கூடிப் பேசவில்லை.

தையலம்மாள் மட்டும் ரவிக்கைக்குள்ளேயே போய்விட்டாள்.

"அக்கா, ஒரு பக்கம் வயலு, ஒரு பக்கம் வரப்பா இருக்குது. நடக்கச்சொல்ல சாயற. இந்த மாரோட இனிமே வட்டத்துல எங்கக்கா நிக்கறது? பெரியவருக்கு ஒண்ணுன்னா நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத."

"மொதல்ல ஒம் மூக்கு ஒழுவறதப் பாத்துக்கடி" என்றாள் கெங்கம்மாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாய்வது நிஜம். கூடை வைத்தால் உடம்பு வலப்பக்கம் இழுத்தது. கட்டிலில் கிழவர் வேறு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாக்கு வாக்குதான இல்லியா?" என்று கேட்டார்.

"வாக்குதான் மாமா."

இந்த நேரத்தில்தான் உலகநாதன் வந்து சேர்ந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தானாம். பட்டாளம் கலைந்ததும் கப்பல் ஏறி வந்து கிருமாம்பாக்கம் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தான். கால்சட்டை, தொப்பி, கழுத்தில் டாக்டர் குழாய். அந்தக் குழாயைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை என்று டீக்கடைக்காரன் சொல்வான். வாயைத் திறந்தால் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு. அதில் இரண்டு வார்த்தைதான் அவனுக்குத் தெரியும் என்பது பின்னால் தெரிந்தது. சொட்டைத் தலைக்கு ஊசி, ஆண்மைக்கு ஊசி, கோர்ட்டு கேஸ் ஜெயிக்க ஊசி. ஏம்பலத்திலிருந்து கரும்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குனிந்து நின்று குத்திக்கொண்டு போனார்கள். நாலு எழுத்துப் படித்தவன்தான் முதல் வரிசை. ஒருத்தனுக்கும் மயிர் முளைக்கவில்லை. ஒருத்தனும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் எதற்குப் போனாய் என்று கேட்பார்களே.

சம்மந்தம் அவனைக் கையோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

"கெங்கா, தொர வந்திருக்காரு. போன மாரை திருப்பிக் கொண்டாராராம்!"

"எங்க பூட்டுது, கடன் கேட்டு மாமியா வூட்டுக்கா?"

உலகநாதன் தொப்பியைக் கழற்றினான். "பாரும்மா, சைகோன்ல வெள்ளைக்காரச்சிங்களுக்கு நான் தினம் பத்து பேருக்குப் போட்டேன். மருந்து உள்ள போனதும் அப்படியே ஒறஞ்சி மாரா நிக்கும். கல்யாணப் பொண்ணு கணக்கா! மூணே ஊசி. எனக்குக் காசுகூட வேணாம். வாரத்துக்கு ஒரு வஞ்சிரம் குடு, போதும்."

"வஞ்சிரமா? நாலணா கெழங்கா மீனு குடுத்தா ஒத்துக்கமாட்டீரா?"

"விளையாடாதம்மா. ஒடம்பு விசயம்."

"அதான் நானும் சொல்றேன்."

அவள் வாய்தான் அப்படிப் பேசியது. மனசு கட்டிலுக்கும் ரவிக்கைக்கும் நடுவே ஊசலாடியது. மூன்று ஊசி. மறுபடி இரண்டு பக்கமும் சமம். வட்டத்துக்கு முன்னே நின்று ஓங்கி அடிக்கலாம். தையலம்மாள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காக மூன்று என்ன, முப்பது ஊசிகூடக் குத்திக்கொள்வாள்.

ஆனால் இருபது வருஷம் மீன் விற்றவள். கூடையைத் திறந்து காட்டாமல் யாரும் விற்றதும் இல்லை, அவள் வாங்கினதும் இல்லை.

"தொரே, நீ போட்ட மாரு ஒண்ணு காட்டு. பாத்துட்டுப் போட்டுக்கறேன்."

"சைகோன் போகணும்."

"இந்தப் பக்கம் யாருக்கும் போடலியா? அப்ப நாந்தான் மொத போணியா?"

உலகநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டாளுக்கு ரோஷம் வந்தால் உண்மை வெளியே வரும். "பாகூர்ல கொட்டா போட்டு ஆடறாங்களே நாடகக் கம்பெனி, அதுல ராணி வேசம் கட்ற முத்துலட்சுமிக்கு நாந்தான் போட்டேன். கம்பெனி மொதலாளியே என்ன அங்க கூட்டிகினு போனாரு. போயி மேடையில பாரு, தெரியும்!"

மறுநாள் மத்தியானம் கெங்கம்மாள் கூடையோடு பாகூரில் நாடகக் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் நின்றாள். மேடையில் பார்க்கிற ஆளா அவள்? வெளிச்சத்தில் பவுடர் போட்டால் அழுகின மத்திகூட மின்னும்.

முத்துலட்சுமி ஓலைத் தடுப்புக்குள் படுத்திருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ராணி வேஷக்காரி என்று சொல்ல முடியாது, காய்ச்சலில் கண் உள்ளே போயிருந்தது. கெங்கம்மாள் சுற்றி வளைக்கவில்லை. ரவிக்கையைத் தளர்த்தித் தன் தழும்பைக் காட்டினாள்.

"இந்த எடத்துக்கு அந்தச் சைகோன்காரன் மாரு போடறேங்கறான். ஒனக்குப் போட்டானாமே. நல்லா இருக்குதா பொண்ணே?"

முத்துலட்சுமி தழும்பைப் பார்த்தாள். கெங்கம்மாளைப் பார்த்தாள். தடுப்பை இழுத்து மூடிவிட்டுத் தன் சேலையை விலக்கினாள்.

கெங்கம்மாள் மீனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான். நல்ல மீனை விரலால் அழுத்தினால் குழி விழுந்து உடனே எழும்பும். இங்கே அழுத்தினாள். குழியே விழவில்லை. கருங்கல். தோல் கத்தரிக்காய் நிறம். ஒரு கட்டி மாரை விட்டுக் கீழே விலா வரைக்கும் நகர்ந்து போய்க் குந்தியிருந்தது. மறுபக்கம் ஓர் இடத்தில் தோல் வெடித்துச் சலம் கசிந்தது.

"இன்னாத்துக்குடி இதப் போட்டுக்கின? ஆண்டவன் குடுத்தது ரெண்டும் நல்லாத்தான இருந்திருக்கும்?"

"சின்னதா இருந்துச்சிக்கா. பின்வரிசையில ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியலன்னு மொதலாளி சொன்னாரு."

"பின்வரிசக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிப் போட்டுக்கறது! ஒன் நெஞ்ச எதுக்குடி அவன் கண்ணுக்குக் கண்ணாடியாக்கின?"

முத்துலட்சுமி சிரிக்கப் பார்த்தாள், அழுதுவிட்டாள். "மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சி. எல்லாம் அழகு அழகுன்னாங்க. அப்பறம் கல்லு கல்லா ஆயிடுச்சி. அவன்கிட்ட போனேன். ஒறையுது, பொறுத்துக்கன்னான். வலிக்குதுன்னேன். இன்னொரு ஊசி போட்டான். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேசம் போயிரும்னு யாருகிட்டயும் சொல்லல."

மூலையில் ஒரு காலி பாட்டில் கிடந்தது. வெள்ளைத்தாளில் பிரெஞ்சு எழுத்து. ஊசி போட வந்த உலகநாதன் மறந்து போட்டுவிட்டுப் போனது. அதன் அடியில் கொஞ்சம் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் அதை எடுத்து மீன் கூடையில் போட்டாள்.

"எழுந்திரு. பஸ்ஸு வர்ற நேரம்."

"சாயங்காலம் நாடகம் இருக்குதுக்கா."

"ராணி செத்துட்டான்னு ராஜா ஒருத்தனே பாடட்டும். எழுந்திருடி!"

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாசேர் முதலில் முத்துலட்சுமியை டாக்டரிடம் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து பாட்டிலை வாங்கிப் படித்தாள். ஒரு தரம் படித்தாள். நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள்.

"இதையா ஊசியில ஏத்தினான்?"

"மாரு மருந்தாம் மாசேர். சைகோன்லேர்ந்து."

"இது மலச்சிக்கலுக்குக் குடிக்கிற எண்ணெய்!"

கெங்கம்மாள் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டுக் கேட்டாள். "பேதி எண்ணெய்க்கா அந்தப் பொறம்போக்கு வஞ்சிரம் கேட்டான்?"

"குடிச்சா உடம்பை விட்டு வெளியே போயிடும். சதைக்குள்ள ஏத்தினா எங்கேயும் போகாது. அங்கங்கே கட்டியா நிக்கும், நகரும், சீழ் பிடிக்கும். முழுசா உறிஞ்சி எடுக்க யாராலும் முடியாது. சதையோட சேர்த்துத்தான் வெட்டணும். அந்தப் பொண்ணுக்கு இப்ப அதுதான் நடக்கப் போவுது. இந்த வித்தையை வெள்ளைக்கார டாக்டருங்களே எப்பவோ வேணாம்னு விட்டுட்டாங்க."

 கெங்கம்மாள் மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி மாசேர் கேட்டதே இல்லை.

"அப்ப, நிஜமா யாராலயும் திருப்பி வக்க முடியாதா மாசேர்?"

மாசேர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சீமையில பெரிய டாக்டருங்க சில பேர் செய்றாங்களாம். வயித்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமா மேலே கொண்டு வந்து, நாலஞ்சு தடவை கத்தி வச்சு, மாசக்கணக்கா படுக்கப் போட்டு. அப்பவும் அது ஒரு மேடுதான். தொட்டா உனக்குத் தெரியாது. தழும்பு ஒண்ணுக்கு அஞ்சாகும். இங்கே அதுக்கு ஆள் இல்லை. இருந்தாலும் நான் சொல்றது ஒண்ணுதான். அவசரப்படாதே. ரெண்டு வருஷம் அந்த இடத்தை மாசா மாசம் தடவிப் பாரு. கட்டி திரும்பி வருதான்னு பார்க்கணும். மேல எதையாவது போட்டு அடைச்சுட்டா, அடியில வர்றது எப்படித் தெரியும்?"

"அது வரிக்கும் சாஞ்சிகினே நடக்கறதா?"

"எவ சாயச் சொன்னா? துணியில பை தைச்சு பஞ்சு அடைச்சு வை. மத்த பக்கம் இருக்கிற கனம் இதிலயும் இருக்கணும். அப்பத்தான் முதுகு கோணாது. ராவுல கழட்டிடு. அது உன் உடம்புக்குச் செய்றது, ஊருக்கு இல்ல. வேணும்னா வை, வேணாம்னா தூக்கிப் போடு."

மறுநாள் காலை கிருமாம்பாக்கத்தில் பஸ் நிற்கிற இடத்தில் மீன்காரிகள் பத்துப் பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். முன்னால் கெங்கம்மாள். உலகநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஊசிக்கு வந்த கரும்புக்காரர்கள் ஆறு பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாம்மா! பாத்தியா மாரை?"

"பாத்தேன் தொரே. அசந்துட்டேன். எனக்கு எல்லா ஊசியும் ஒரேயடியாப் போட்டுரு. ஆனா ஒண்ணு. இந்த மருந்து ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதே?"

"சுத்தமான மருந்து! அமுதம்!"

"அப்ப நீ மொதல்ல கொஞ்சம் குடிச்சிக் காட்டு."

உலகநாதன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "இது குடிக்கற மருந்தில்லம்மா."

"குடிக்கற மருந்துதான்னு மாசேர் சொல்லிச்சி. இன்னாத்துக்குக் குடிக்கறதுன்னும் சொல்லிச்சி. இவங்களுக்குச் சொல்லட்டா?" பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "யோவ், ஏம்பலத்து ஆளுங்களே! வெளிக்குப் போவாதவன் குடிக்கற எண்ணெய்யா இது! இதத்தான்யா ஒங்க ஆம்பளத்தனத்துக்குக் குனிஞ்சி குனிஞ்சி வாங்கிகினீங்க!"

பெஞ்சில் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருத்தன் வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல" என்றான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"பொய்யி! பொய்யி! இது சைகோன்..." என்று உலகநாதன் ஆரம்பித்தான். பத்து மீன்காரிகளும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். இந்தப் பத்துப் பேரும் சேர்ந்தால் கலெக்டரே மேசைக்குக் கீழே போய்விடுவார், உலகநாதன் எம்மாத்திரம். அலமாரியில் இருந்த புதுப் பாட்டிலை ஒருத்தி எடுத்து நீட்டினாள். இன்னொருத்தி தொப்பியை வாங்கி மீன் மேல் கவிழ்த்தாள்.

"முத்துலட்சுமிக்கு எத்தினி பாட்டிலு ஏத்தின?" என்றாள் கெங்கம்மாள்.

"ரெ... ரெண்டு."

"அப்ப ரெண்டு குடி."

குடித்தான். அழுதுகொண்டே குடித்தான். சைகோனில் நான் டாக்டர் இல்லை, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மலச்சட்டி கழுவினவன், நர்ஸுகள் பேசினதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்று நடுவில் ஒப்புக்கொண்டான். அவன் தப்பி ஏறக் கடலூர் பஸ் வர அரை மணி இருந்தது. அரை மணி அந்த எண்ணெய்க்குப் போதும். வெள்ளைக் கால்சட்டையோடு அவன் எதிர்க் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடியதை இரண்டு பஸ் ஜனம் பார்த்தது. அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் கரும்பு பனைமரம் உயரம் வளர்ந்ததாகக் கேள்வி. ஆள் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. அவன் விட்டுப்போன டாக்டர் குழாயை டீக்கடைக்காரன் ஆட்டுக்குக் கட்டினான். ஆடு அவனைவிட மரியாதையாக இருந்தது.

முத்துலட்சுமியை மூன்று மாசம் வைத்திருந்தார்கள். எண்ணெயோடு சதையையும் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. பிழைத்தாள். கம்பெனி முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்வரிசை அவனுக்கு அவ்வளவு முக்கியம். அவள் வேறு கம்பெனியில் சேர்ந்து ராஜா வேஷம் கட்டினாள். குரல் ராஜாவுக்கு இன்னும் எடுப்பாக இருந்தது.

கெங்கம்மாள் பை தைத்தாள். பஞ்சு அடைத்தாள். லேசாக இருந்தது. மாசேர் கனம் வேண்டும் என்றாளே. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளைச் சம்மந்தம் சேர்த்து வைத்திருந்தான். மீன் தராசில் ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்துச் சரியான கனத்துக்குப் பஞ்சு நடுவில் வைத்துத் தைத்தாள். உடம்பு நேரானது. கூடை நேரானது. சுவரில் கரிக்கோடு ஓலைக்கூரையைத் தொட்டது. சம்மந்தம் மட்டும், "வலைக்குக் குண்டு பத்தலடி" என்று முனகினான்.

"ஒனக்கு மீனு முக்கியமா, நான் முக்கியமா?"

நல்லவன். மிச்சக் குண்டை வலையில் கட்டப் போய்விட்டான்.

அடுத்த ஐப்பசி மழையில் ஒருநாள் காலை கலியன் கஞ்சி குடித்தார், வெற்றிலை கேட்டார், மருமகளைப் பார்த்து, "வாக்கு" என்றார். அவ்வளவுதான். நிஜமாகவே செத்துவிட்டார். நாலு வருஷம் சொல்லிச் சொல்லி ஒருத்தரும் நம்பவில்லை. பாடை கட்டுகிறவன்கூட இரண்டு தரம் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூங்கில் வெட்டினான்.

பெண்கள் வட்டம் கூடியது. கெங்கம்மாள் வருவதற்குள் தையலம்மாள் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நவுருடி."

"வேணாங்க்கா. ஒன்னால முடியாது."

"நவுரு. பெரியவரு எழுந்துரப் போறாரு."

தையலம்மாள் தன்னை அறியாமல் பிணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கினாள். கெங்கம்மாள் நின்றாள். "கட்டுமரம் கரையேறிப் போச்சே மாமா" என்று முதல் வரி எடுத்தாள். இரண்டு கையும் உயர்ந்தது. சுவரில் நண்டு ஏறினது வீண் போகவில்லை. ஓங்கி அடித்தாள்.

ணங் என்று ஒரு சத்தம்.

அழுகை நின்றது. மாரில் இருந்து வெண்கலக் கடைச் சத்தம் வந்தால் யார்தான் அழுவார்கள்? மழைகூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. தையலம்மாளின் உதடு மட்டும் ஓர் ஓரத்தில் மேலே போனது.

கெங்கம்மாள் ரவிக்கைக்குள் கையை விட்டுப் பையை வெளியே எடுத்தாள். ஊர் பார்க்க எடுத்தாள். தையலம்மாளின் கையில் வைத்தாள்.

"புடிடி. ஈயக்குண்டு உள்ள இருக்குது, கீழ போட்டுறாத. அழுதுட்டு வந்து வாங்கிக்கறேன். யாருக்காவது பாக்கணும்னா இப்பவே பாத்துக்குங்க, அப்பறம் சாவு வூட்டுல எட்டி எட்டிப் பாத்து எங்கழுத்த அறுக்காதீங்க."

பிறகு அடித்தாள். எலும்பு மேல் நேராக விழுந்த அடி, முன்னைவிடச் சத்தம். மரத்துப்போன இடம், வலியே தெரியவில்லை. மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மார் வலித்து ஒதுங்கினார்கள். இரண்டு கையும் பையைப் பிடித்திருந்ததால் தையலம்மாளால் ஓர் அடிகூட அடிக்க முடியவில்லை. மத்தியானம் பாடை கிளம்புகிற வரை வட்டத்தில் கெங்கம்மாள் ஒருத்திதான். முதலில் வாக்குக்காக அடித்தாள். பாதிக்கு மேல் அந்தக் கட்டில் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டு, நிஜமாகவே அடித்தாள். அன்றைக்குப் பாண்டிச்சேரிக் கடைத்தெருவில், எங்கேயோ இடி இடிக்கிறது என்று சாமான்களை உள்ளே எடுத்து வைத்தார்களாம்.

மறுநாள் இடது கை தூண் மாதிரி வீங்கிவிட்டது. பஸ் ஏறிப் போய் மாசேர் முன்னால் நீட்டினாள். மாசேர் கையைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், கறுத்துக் கன்றியிருந்தது. காரைக்கால் பாஷையில் எத்தனை திட்டு உண்டோ அத்தனையும் வந்தது, பிரெஞ்சிலும் கொஞ்சம் வந்தது. கையை உயரத் தூக்கிக் கட்டி, பத்து நாள் அசையாதே என்றாள்.

"அந்த இடத்துல அடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன மாசேர்."

"இன்னொரு தடவை அடிச்சே, நானே அந்தக் கையை வெட்டிடுவேன்."

"கோவிச்சுக்காத" என்றாள் கெங்கம்மாள். "எனக்கு ஒரே மாமனாருதான்."